ஊனும் சோறும்: மலைபடுகடாம் காட்டும் விருந்து நெறி

1. முன்னுரை

பத்துப்பாட்டினைப் பயிலும் முதுகலை மாணவர்தம் விடைத்தாள்களில் ஒரு தொடர் ஆண்டுதோறும் தவறாது வருகின்றது. மலைபடுகடாம் கூறும் விருந்தோம்பலை விளக்குக என்னும் வினாவிற்கு விடையாக, நன்னன் நாட்டு மக்கள் கூத்தர்க்கு அறுசுவை உண்டி அளித்து மகிழ்ந்தனர் என்று எழுதுவர். கடமானும் முள்ளம்பன்றியும் உடும்பும் வராலும் அவ்வொரு தொடருள் ஒருங்கே மறைந்துபோகின்றன. மாணவரைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்கள் கைக்கொள்ளும் குறிப்பு நூல்களும், வகுப்பறையில் அப்பகுதியை விரைந்து கடக்கும் எம்போன்ற ஆசிரியரும் இதற்குக் காரணர் ஆவர். யானும் தொடக்க ஆண்டுகளில் அவ்வாறே கடந்தேன். திருவண்ணாமலை போன்ற கோயில் நகரில் தமிழ் கற்பிப்பார்க்கு இக்கூச்சம் எளிதில் வருவதொன்றே.

ஆயின், இக்கூச்சத்தால் இழப்பது என்ன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறுசுவை உண்டி என்பது பாட்டில் இல்லாத ஒன்று. பாட்டில் உள்ளது, இன்ன நிலத்தில், இன்னார் கையால், இன்ன ஊன், இன்ன சோற்றொடு என்னும் வரையறுத்த செய்தியாகும். அவ்வரையறையை நீக்கிப் பொதுச்சொல் ஒன்றனை அங்கு வைப்போமாயின் பாட்டின் கட்டுக்கோப்பே குலைந்துவிடும். மலைபடுகடாத்தில் ஊன் உணவு இடையிடையே வரும் அணியன்று. நாட்டின் அமைப்பையும் தலைவன் தகுதியையும் ஒருங்கே புலப்படுத்தும் பொருட்கூறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. குன்றத்து ஊனும் ஆற்றுப்பாய்ச்சல் நிலத்து நெல்லும் வழியெல்லாம் தனித்தனியே நின்று, நன்னன் இல்லத்தில் ஒரே கலத்தில் வந்து சேர்கின்றன. இதனை நிலம் நிலமாக ஆராய்வாம்.

2. பாட்டும் அது நடக்கும் நிலமும்

மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் இதற்கு உண்டு. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், 1989ஆம் ஆண்டு அமைந்த திருவண்ணாமலை மாவட்டத்துள் உளது. பாட்டில் வரும் சேயாறு சவ்வாது மலையிற் பிறந்து இன்றும் அவ்வூர் வழியே செல்கின்றது. நவிரம் என்னும் மலையைப் பருவதமலையாகக் கொள்வது அறிஞர் வழக்கு. ஆகவே, இப்பாட்டு எமக்கு ஏட்டுப் பாட்டு மட்டுமன்று; பேருந்தில் ஏறினால் சென்று காணத்தக்க நிலத்தின் பாட்டுமாகும்.

இரணியமுட்டம் பாண்டிநாட்டுப் பகுதி. எனவே, புலவர் இந்நாட்டிற்கு அயலார். பல்குன்றக் கோட்டத்து அடுக்களைகளை அவர் விருந்தினர் கண்கொண்டு நோக்குகின்றார். எது எங்கே விளைகின்றது, எதனை எதனொடு கலந்து அடுகின்றனர் என்று அவர் நுணுகி எழுதுவதற்கு இவ்வயன்மையும் ஒரு காரணமாகலாம்.

3. கருப்பொருளுள் உணவு

தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்குமிடத்துத் தெய்வத்தை முதலில் வைத்து, அதனை அடுத்து உணாவை வைக்கின்றார். மாவும் மரமும் புள்ளும் பறையும் அதன் பின்னரே வருகின்றன. நிலத்தை அறிதற்கு அங்கு வாழ்வார் உண்பது யாது என்னும் வினா அத்துணை இன்றியமையாதது எனக் கருதினார் போலும்.

உரையாசிரியர்கள் ஒவ்வொரு திணைக்கும் உணவு வகுத்துக் காட்டுகின்றனர். குறிஞ்சிக்கு ஐவன நெல்லும் தினையும் மூங்கில் அரிசியும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்திற்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் கூறுவர். நெய்தற்கு மீன்விலையும் உப்புவிலையும் கூறுவர். இப்பட்டியலை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இதில் விளைபொருள் உளது, வேட்டைப்பொருள் இல்லை. மீனும் விலையாக மாறியே இடம்பெறுகின்றது. இலக்கணம் வகுப்பார் சுருங்கக் கூறல் வேண்டி நிலத்தின் நிலையான விளைவை மட்டும் எடுத்தனர் என அமைதி காணலாம். ஆயின், பாட்டினைக் கற்பார் பட்டியலையே பாட்டாகக் கொள்ளுதல் கூடாது. மலைபடுகடாத்துக் குறிஞ்சியில் தினை தனித்து வருவதில்லை, ஊனொடு வருகின்றது. மூங்கில் அரிசியும் அவ்வாறே.

பிறிதொன்றும் நோக்கத்தக்கது. இறைச்சி என்னும் சொல் இன்று ஊனைக் குறிக்கும். தொல்காப்பியப் பொருளியலிலோ அது குறிப்பாற் பொருள் புலப்படுத்தும் ஒரு நெறிக்குப் பெயர். அவ்விரு பொருளின் வேரை ஆராய்தல் ஈண்டு வேண்டுவதன்று. கருப்பொருளைக் கூறுமுகத்தான் வேறொரு பொருளைக் கொள்ளவைத்தல் நம் செய்யுள் மரபிற்குப் புதிதன்று என்பதே நமக்கு வேண்டுவது. அந்நோக்கில் மலைபடுகடாத்து உணவுப் பகுதிகளை நோக்குவோம்.

4. குன்றத்து ஊன்

வழியின் தொடக்கத்திலேயே கானவர் வேட்டை முடித்து மீளும் காட்சி உளது. தேனும் கிழங்கும் ஊன் நிறைந்த வட்டியும் அவர் கையில் உள்ளன. பன்றியின் ஊனில் ஆகாத பகுதியை நீக்கித் தூயதாக்கியே கொணர்கின்றனர். பொருது மடிந்த யானையின் கொம்பு அவர்க்குக் காவுதடியாகின்றது. இக்காட்சியில் மிகுதி உளது. எனினும் வீண் இல்லை. யானை மடிந்ததும் பயன்படுகின்றது. பன்றியிற் கழிக்க வேண்டுவது மட்டுமே கழிக்கப்படுகின்றது.

அடுத்து வரும் சிற்றூரில் (அடி 164-169) கூத்தர் செய்ய வேண்டுவது ஒன்றே. நன்னனின் கூத்தர் யாம் எனக் கூறுதல் அமையும். அதன்பின் சொந்த வீட்டில் நுழைவார் போல நில்லாது நுழையலாம். உரிமையுடையார் போலக் கேளாதே உறவு கொள்ளலாம். நெய்யில் வெந்த பெரிய ஊன்துண்டங்களும் தினைச்சோறும் கிடைக்கும். ஈண்டு விருந்திற்கு முன் வருவது தலைவன் பெயர். பெயரைக் கேட்டதும் கலம் நிறைகின்றது. குடிகளின் அடுக்களை வரை தலைவன் செல்வாக்குச் சென்றுள்ளமையை இதனினும் எளிமையாகக் கூறுதல் அரிது.

இதனைத் தொடர்ந்து வரும் பகுதி (அடி 170-185) தமிழ் இலக்கியத்துள் சமையல் கூறும் இடங்களுள் தலைசிறந்தது எனலாம். மூங்கிற் குழாயில் முற்றிய தேன் தேறலை முதல்நாள் பருகிய கூத்தர்க்கு விடியலில் மயக்கம் தீரவேண்டும். அதன்பொருட்டு ஆக்கப்படும் உணவில் என்னென்ன சேர்கின்றன? அருவி அடித்துக் கொணர்ந்த பலாப்பழத்தின் கொட்டை, விரைந்து வந்த கடமானை வீழ்த்திப் பெற்ற கொழுவிய ஊன், முள்ளம்பன்றியின் நிணம் மிக்க துண்டம், பெண்நாய் துரத்திப் பிடித்த உடும்பின் தசை, இனிய புளி, மோர், மூங்கில் நெல்லின் அரிசி. இவற்றைக் குறமகள் சாரல் எங்கும் மணக்கத் துழாவி ஆக்குகின்றாள்.

இதனை வெறும் பட்டியலாகக் கற்பது பெருந்தவறு. ஒவ்வொரு பொருளும் தான் வந்த வழியைத் தன்னொடு கொணர்கின்றது. பலாக்கொட்டை அருவியின் கொடை. கடமான் ஆடவன் வில்லின் பயன். உடும்பு நாயின் உழைப்பு. மூங்கில் அரிசி காடு தானே விளைத்தது. மோரோ கறவையின்றி வாராது. ஆகவே அவ்வுலையில் ஆயர் வாழ்வின் தொடர்பும் உளது. ஒரு பானைக்குள் ஒரு மலைநாடு அடங்கியுள்ளது. அறுசுவை என்னும் சொல்லால் இதனைச் சுருக்குவார் புளியையும் உப்பையும் மட்டும் காண்பர். அருவியையும் நாயையும் காணார்.

சொற்களையும் நோக்குதல் தகும். இப்பகுதிகளில் ஊனைக் குறிக்க வரும் குறை, பிளவை, தடி என்பன யாவும் அறுத்தற் பொருளொடு தொடர்புடையன. குறைத்தல், பிளத்தல், தடிதல் என்னும் வினைகளை இவற்றுட் காண்கின்றோம். ஊனின் பெயர்களே பங்கின் பெயர்களாக உள்ளன. வேட்டைச் சமுதாயத்தில் ஊன் என்பது தனியொருவன் முழுதாக வைத்துக்கொள்ளும் பொருளன்று. அறுத்துப் பகுக்கப்படும் பொருள். வைத்தால் கெடுவது, பகுத்தால் உறவாவது. வீடுதோறும் மக்கள் முறைகூறித் தடுத்து நிறுத்தி இவ்வுணவை அளிப்பர் எனப் புலவர் கூறுவதும் அதனால் பொருத்தமுடையதாகின்றது. பகுத்த பங்கினைப் பெற்றவன் உறவினன் ஆகின்றான்.

குன்றத்து ஊனுக்கும் உழவிற்கும் உள்ள தொடர்பினையும் பாட்டு காட்டுகின்றது. விளைந்த புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி, அது நுழையும் வழிதோறும் பெருங்கல் பொறிகள் வைக்கப்பட்டுள்ளன. இரவில் அவ்வழியே செல்லற்க என்று கூத்தர் எச்சரிக்கப்படுகின்றனர். எனவே, பன்றியைக் கொல்லுதல் ஊன் வேட்கையால் மட்டும் நிகழ்வதன்று. தினையைக் காக்கும் தொழிலின் ஒரு பகுதி அது. தினைச்சோறும் பன்றி ஊனும் ஒரே புனத்தின் இருவகை விளைவு. பிறிதோரிடத்தில் வழியில் மடிந்து கிடக்கும் பன்றியைக் கண்டால், மூங்கில் உரசிப் பிறந்த தீயில் வாட்டி உண்டு, சுனைநீர் பருகி, எஞ்சியதைப் பொதிந்து எடுத்துச் செல்லுமாறு புலவர் கூறுகின்றார். விருந்தளிக்கும் குடி இல்லாத இடத்தில் நிலமே விருந்தளிக்கின்றது.

5. ஊன் இல்லாத வழி

மலையினின்று இறங்கியதும் உணவு மாறுகின்றது. ஆயரிடத்துப் பால் கிடைக்கின்றது. ஆட்டு நிரை உடையாரிடத்துப் பாலும் பாற்சோறும் கிடைக்கின்றன. கடல்போல் ஒலிக்கும் பல்யாட்டு நிரையை உடையார் ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்திட்டதாகப் பாட்டில் இல்லை. ஆனால் அன்றிரவு கூத்தர் துயில்வது ஆட்டுத்தோல் படுக்கையில். இம்முரண் வறிதே வந்ததன்று. வளர்ப்பார்க்கு விலங்கு முதற்பொருள். அதன் பால் நாள்தோறும் வரும் வருவாய். முதலை அழித்து ஒருநாள் விருந்திடுதல் அவர் முறையன்று. விலங்கு மடிந்த வழி அதன் தோலும் பயன்படுகின்றது. மேய்ப்பார் பொருளியலை இத்துணைச் சுருக்கமாகப் புலவர் கூறியிருத்தல் வியத்தற்குரியது.

இதற்கு மாறாக, காவற்காடு சூழ்ந்த இடத்து வில்லேந்திய கூளியர் ஊனும் கிழங்கும் தருகின்றனர். அவர்க்கு மேய்ச்சலும் இல்லை, உழவும் இல்லை. காடு தருவது எதுவோ அதனையே அவர் தரவியலும்.

புன்செய் நிலத்துக் குடிசைகளிலோ ஊன் அறவே இல்லை. மூங்கில் அரிசியும் மேட்டுநில நெல்லும் அவரையும் புளியும் சேர்ந்த கூழ், நெய்யிட்ட சோறு, தினைமா ஆகியன கிடைக்கின்றன. ஈண்டும் விருந்தின் அன்பில் குறைவில்லை, பொருளே வேறு. ஊன் இருப்பது உயர்விற்கும், இல்லாமை இழிவிற்கும் அடையாளமாகப் பாட்டில் யாண்டும் வரவில்லை. நிலம் எதைத் தருகின்றதோ அதனைத் தருதலே விருந்து. இதனால், இப்பாட்டினை ஊன் உணவின் புகழ்ப்பாட்டு எனக் கொள்வதும் பொருந்தாது என்பது பெறப்படும்.

6. வயலும் மீனும்

மருதத்தில் ஊன் மீண்டும் வருகின்றது. ஆனால் மீனாக வருகின்றது. வலையோர் தந்த வாளையும், தூண்டிலில் அகப்பட்ட வராலும் துண்டமாக்கப்படுகின்றன. வராலின் வடிவிற்குப் பிடியின் கையையும், துண்டத்தின் வடிவிற்குத் துடியின் கண்ணையும் புலவர் உவமை கூறுகின்றார். இவ்வுவமைகள் கூத்தர்க்கென்றே தேர்ந்தவை போலும். பறையொடு வாழ்வார்க்கு மீன்துண்டம் பறையின் கண்ணாகத் தோன்றுதல் இயல்பே. யானையின் நினைவு மலைவழியை வயலுக்குள் கொணர்கின்றது.

முள் நீக்கிய மீனொடு வெண்சோறு வருகின்றது. இதுவரை தினை, மூங்கில் அரிசி, புளிங்கூழ் என வந்த உணவு இங்கேதான் ஆற்றுப்பாய்ச்சல் நெல்லாக மாறுகின்றது. இவ்வுணவைக் கண்டோர், இது நன்னனுக்கும் உணவாகத் தகும் என வியப்பர் எனப் பாட்டு கூறுகின்றது. இக்கூற்று இறுதிப் பகுதியை முன்கூட்டியே நினைப்பிக்கும் குறிப்பாகும். உழவரின் களத்துச் சோற்றிற்கு அளவுகோலாக நன்னன் உணவு கூறப்பட்டது. ஆகவே நன்னன் உணவு யாதெனக் காணும் அவா கற்பார்க்கு எழுகின்றது.

7. நன்னன் இல்லத்து அடிசில்

அவ்வவாவிற்கு விடை அடி 561-566இல் உளது. நுண்ணிய நூலால் ஆகிய வெள்ளிய உடை கூத்தர்க்கு அளிக்கப்படுகின்றது. அதன்பின் உணவு வருகின்றது. வேட்டைநாய் கொணர்ந்த நிணம் மிக்க ஊனும் நெடிய வெண்ணெல்லின் அரிசிச் சோறுமே அவ்வுணவு. எத்துணை நாள் தங்கினும் முதல்நாள் காட்டிய விருப்பம் குறையாது அளிக்கப்படும்.

இரண்டே பொருள். விருந்தின் உச்சத்தில் புலவர் சுருங்கக் கூறியது ஏன்? சிற்றூர்க் குறமகளின் பானைக்குப் பல அடிகளை அளித்தவர், அரசன் கலத்திற்கு இரண்டு பொருள்களை மட்டும் அளித்தது சொற்பஞ்சத்தால் அன்று. வழியெல்லாம் பிரிந்து கிடந்த இரு நிலங்களை அவர் ஈண்டு சேர்த்துவைக்கின்றார். நாய் கொணர்ந்த ஊன் குன்றத்தினது. நெடிய வெண்ணெல் சேயாற்று வயலினது. மலையில் ஊன் இருந்தது, வெண்ணெல் இல்லை. வயலில் வெண்ணெல் இருந்தது, வேட்டை ஊன் இல்லை. இரண்டையும் ஒரு கலத்தில் இடவல்லவன் இருநிலத்திற்கும் தலைவனாகிய நன்னன் ஒருவனே. அவன் நாடு எது என்று புலவர் எல்லை கூறி விளக்கவில்லை. கலத்தைக் காட்டி விளக்குகின்றார்.

இவ்வமைப்பின் தனித்தன்மை ஏனைய ஆற்றுப்படைகளொடு ஒப்பிடின் தெளிவாகும். நிலந்தோறும் உணவு மாறுதல் அவற்றிற்கும் பொது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்றியர் ஆமான் சூட்டொடு புளிச்சோறு தருவர். உழவர் மகளிர் நண்டின் கலவையொடு வெண்சோறு தருவர். பெரும்பாணாற்றுப்படையில் உடும்பும் கோழியும் மீனும் உண்டு. அந்தணர் இல்லத்து ஊன் கலவாத உணவும் உண்டு. வேறுபாடு அரசன் மனையில் உளது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் ஆட்டு ஊன் புழுக்கலையும் கம்பியில் கோத்துச் சுட்ட ஊனையும் ஊட்டுகின்றான். தின்று தின்று பொருநன் பற்கள் கொல்லை உழுத கொழுப்போல் தேய்கின்றன. பெரும்பாணில் இளந்திரையன் மனையில் வாள்வடுப் பொருந்திய கையையுடைய மடையன் பல ஊன் சமைக்கின்றான். சிறுபாணில் நல்லியக்கோடன் மனையில் வீமன் இயற்றியதாகக் கூறப்படும் மடைநூலின் வழுவாத உணவு கிடைக்கின்றது.

அம்மூன்று மனைகளிலும் சிறப்பு அடுக்களையின் சிறப்பு. மிகுதி, மடையன் கை, மடைநூல் என்பன அங்கு அளவைகள். நன்னன் மனையில் மடையனும் இல்லை, மடைநூலும் இல்லை. அங்கு ஊனைக் கொணர்வது நாய். குறச்சிற்றூரில் உடும்பினைத் துரத்தியதும் நாய். கோமகன் கலத்திற்கு ஊன் தந்ததும் நாய். தன் குடிகள் உண்பதையே தானும் உண்டு, தன்னை நாடி வந்தார்க்கும் அதனையே ஊட்டும் மலைநாட்டு வேள் ஒருவன் இதனால் நம் கண்முன் தோன்றுகின்றான். பேரரசர் விருந்திற்கும் குறுநிலத் தலைவன் விருந்திற்கும் உள்ள வேற்றுமையைப் புலவர் இழிவின்றிக் காட்டிய திறம் போற்றற்குரியது.

இன்னும் ஒன்று. மலைச்சிற்றூரில் கூத்தர் பெறும் விருந்து அவர் வேண்டிவந்த பரிசிலையும் மறக்கச் செய்யும் என்று புலவர் முன்னரே கூறிவிட்டார். ஆற்றுப்படையின் நோக்கிற்கு இஃது இடர் பயப்பது. வழியிலேயே மனம் நிறைந்தவன் அரசனிடம் செல்லுதல் எற்றுக்கு? முதல்நாள் விருப்பம் பலநாளும் மாறாது என்னும் இறுதிக் கூற்று இவ்வினாவிற்கு விடையாகின்றது. குடிகளின் விருந்து ஒரு பொழுதிற்கு உரியது. நன்னன் விருந்து நாள் கடந்து நிற்பது. பொருளில் இரண்டும் ஒன்று. நிலைபேற்றில் மட்டுமே வேற்றுமை.

8. நாயும் நடுகல்லும்

நாயின் இடம் இத்துணைச் சிறந்ததாதல் புலவர் கற்பனையோ என ஐயுறுவார்க்கு இந்நிலத்துக் கல் ஒன்று விடை கூறும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது. அவற்றுட் பல பல்லவர் காலத்தன. ஆநிரைப் பூசலில் மடிந்த வீரர்க்கு எடுத்தவை பல. எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்று கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு உரியது. அவனொடு அவன் நாயும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன.

பாட்டிற்கும் கல்லிற்கும் இடையே காலம் மிகவும் கடந்துள்ளது. ஒன்றனை மற்றொன்றன் நேர்ச் சான்றாகக் கொள்ளுதல் முறையன்று. ஆயினும் ஊனைக் கொணர்வதும் நிரையைக் காப்பதும் ஆகிய இரு தொழிலிலும் நாய் துணையாக நின்ற நிலம் இஃது என்பது தெளிவு. நாய்க்குப் பெயரும் கல்லும் அளித்த மக்கள், அது கொணர்ந்த உணவைத் தலைவன் கலத்தில் வைத்துப் பாடியதை இழிவாகக் கருதியிரார்.

9. ஒரு தடையும் விடையும்

புலால் மறுத்தலைத் தனி அதிகாரமாக வகுத்த திருக்குறளைப் போற்றும் நாம், ஊன் விருந்தை இங்ஙனம் விரித்துரைத்தல் தகுமோ என்னும் தடை எழலாம். அறநூலை அறநூலாகவும் ஆற்றுப்படையை ஆற்றுப்படையாகவும் கற்றல் வேண்டும் என்பது பொதுவான விடை. இதனினும் நுண்ணிய விடையொன்று உண்டு. வள்ளுவர் காரணம் காட்டுமிடத்து விலையை எடுத்துக்கொள்கின்றார். தின்பார் இல்லையாயின் விலைக்கு ஊன் விற்பாரும் இரார் என்பது அவர் கருத்து. அது வாணிகம் தோன்றிய நிலை. கொல்வான் ஒருவன், உண்பான் மற்றொருவன். இடையில் நிற்பது பணம். மலைபடுகடாத்துக் குன்றத்தில் ஊன் விலைபோவதாகப் புலவர் கூறவில்லை. அது கொடையாகவே வருகின்றது. வள்ளுவர் அருள்நெறி இதற்கும் பொருந்தாது எனக் கூறுவேம் அல்லேம். உயிர்க்கொலை எந்நிலையிலும் அவர்க்கு உடன்பாடன்று. இரு நூல்களும் இருவேறு சமுதாய நிலையை நோக்கியன என்பதும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைத்தல் இரண்டிற்கும் இழைக்கும் தவறு என்பதுமே எம் கருத்து.

மரபை நோக்கினும் மறைத்தற்கு இடமில்லை. நச்சினார்க்கினியர் பாரத்துவாசி எனப் பெறும் அந்தணர். ஊன் உண்ணாக் குடியினர் எனக் கொள்ளத்தக்கவர். அவர் இப்பாட்டின் ஊன் பெயர் ஒவ்வொன்றற்கும் தயங்காது பொருள் எழுதினார். தடி என்பது எவ்விலங்கின் தசை என விளக்குதற்கும் அவர் நாணவில்லை. சேக்கிழார் கண்ணப்பர் படைத்த பன்றி ஊனைப் பெரியபுராணத்துள் மறைக்கவில்லை. அடியார் அன்பின் அளவையாகவே அதனை வைத்தார். உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையொடு முழுமையாக அச்சிட்டு அளித்தார். அவர்தம் உணவு வேறு. அவர் காத்தளித்த பாட்டின் உணவு வேறு. புலமை என்பது இவ்வேற்றுமையைத் தாங்கும் ஆற்றலே.

இன்றைய நிலையும் ஈண்டு நினைவிற்குரியது. கடமானும் முள்ளம்பன்றியும் உடும்பும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவன. குறமகளின் பானையை இன்று எவரும் அடுப்பில் ஏற்ற இயலாது, ஏற்றவும் கூடாது. எனவே அவ்வுணவு இன்று எஞ்சியிருப்பது சொல்லில் மட்டுமே. சொல்லையும் நாமே துடைத்துவிடுவோமாயின் அது முற்றும் அழிந்ததாகும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மலைபடுகடாத்தில் ஊன் உணவு நிலத்தின் இயல்பையும் தொழிலையும் காட்டும் கருப்பொருளாய் நின்று, இறுதியில் நெல்லொடு கூடி நன்னன் ஆட்சியின் இயல்பைக் குறிப்பால் உணர்த்துவதாயிற்று என்பது விளங்கும். மலையில் ஊனும் தினையும், மேய்ச்சல் நிலத்தில் பால், புன்செயில் கூழ், வயலில் மீனும் வெண்சோறும், மனையில் ஊனும் வெண்ணெல்லும் என்னும் இவ்வரிசையில் ஒன்றை நீக்கினும் பாட்டின் நடை தடைப்படும்.

முழுநிலா நாள்தோறும் திருவண்ணாமலையில் மலைவலம் வருவார்க்கு வழியெங்கும் சோறு வழங்கப்படுகின்றது. பெயர் கேளாது, ஊர் கேளாது, கைந்நீட்டுவார்க்கெல்லாம் தருகின்றனர். அதில் ஊன் இல்லை. இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆடி மாதத்து அம்மன் விழாவில் ஆட்டுக்கடா வெட்டி, ஊரார்க்கும் வந்தார்க்கும் பங்கிட்டுக் கறிச்சோறு இடுகின்றனர். அதில் ஊன் உண்டு. முன்னதை எழுதுவார் பலர். பின்னதை ஏட்டில் எழுத நாணுவார் பலர். பெருங்கௌசிகனார் இவ்விரண்டையும் கண்டிருப்பின் ஒரே பாட்டில் வைத்திருப்பார். அவர்தம் கண்ணில் வழிநடந்து வந்தவனை நிறுத்தி உண்பிப்பதே முதன்மை. கலத்தில் இருப்பது அந்நிலம் தந்தது.

சென்ற பருவத்தில் இப்பகுதியை விரைந்து கடவாமல் இரண்டு வகுப்புகளில் நிறுத்திக் கற்பித்தேன். மலையடிவாரத்து ஊரினர் ஒரு மாணவர், மோர் ஊற்றிக் கறி ஆக்கும் வழக்கம் தம் பாட்டியாரிடத்து இருந்ததென எழுந்து கூறினார். அதுவரை அவர் வகுப்பில் பேசியதில்லை. அவ்வாண்டு அவர்தம் விடைத்தாளில் அறுசுவை உண்டி என்னும் தொடர் இல்லை. கடமான் இருந்தது, முள்ளம்பன்றி இருந்தது, நாயும் இருந்தது.